நோக்கியா இ71 போனை இன்னமும் சிலர் பெருமையாகப் பேசுகிறார்களே, அதில் அப்படி என்னதான் இருந்தது?

நீங்கள் டச் போன் வந்த பிறகுதான் போனைக் கையில் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் அப்பாவோ மாமாவோ அந்தப் போனைப் பற்றிப் பேசியிருப்பார், நீங்கள் இணையத்தில் தேடியிருப்பீர்கள். 2.36 அங்குலத் திரை, 369 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 128 எம்பி ரேம். இதையா இவ்வளவு பேசுகிறார்கள் என்று தோன்றியிருக்கும். அதை வைத்துப் பிழைத்தவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

இ71 வந்தது 2008இல். இ வரிசை என்றாலே அலுவலக வேலைக்கான போன். அன்றைக்கு மெயில் போன் என்றால் பிளாக்பெர்ரிதான், அதற்குப் போட்டியாகத்தான் நோக்கியா இதை இறக்கியது. கம்ப்யூட்டரில் இருப்பது போல முழு விசைப்பலகை, முதுகில் ஸ்டீல் மூடி, 10 மில்லிமீட்டர் தடிமன்தான். வைஃபை, ஜிபிஎஸ், இன்ஃப்ராரெட் எல்லாம் இருந்தன. 1500 எம்ஏஎச் பேட்டரி காலையில் கிளம்பினால் இரவு வீடு திரும்பும்வரை பேசினாலும் தாங்கும்.

அப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். ஈரோடு, கரூர், திருப்பூர் பக்கம் சாயப்பட்டறைகளும் மில்களும் என் ஏரியா. 2008க்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று அந்தக் காலத்தில் தொழில் செய்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருமுறை பெருந்துறை சிப்காட்டில் ஒரு ஆலை. கழிவுநீர்ப் பிளாண்டுக்குப் பம்ப் வேண்டும். நாங்கள் வார்ப்பிரும்பு பம்ப்புக்குக் கொட்டேஷன் கொடுத்திருந்தோம், முதலாளி கடைசி நேரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வேண்டும் என்றார். போட்டிக் கம்பெனிக்காரர் வெளியே காத்திருக்கிறார். முதலாளி சேலம் கிளம்ப வேண்டும். கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஆலைக்கு மட்டும்தான். "கரண்ட் வந்ததும் அனுப்புங்க தம்பி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

நாளைக்கு என்றால் அந்த ஆர்டர் போச்சு என்று எனக்குத் தெரியும். "அஞ்சு நிமிஷம் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே போனில் இருந்த குயிக்ஆஃபிஸ் என்ற ஆஃபிஸ் ஆப்பில் எக்செல் ஃபைலைத் திறந்தேன். மெட்டீரியல், விலை, வரி எல்லாவற்றையும் மாற்றி, ஆலை அக்கவுன்டன்டின் மடிக்கணினிக்கு ப்ளூடூத்தில் அனுப்பினேன். அவர் அதைத் திருப்பிக் காட்ட, முதலாளி படித்துவிட்டு என் பழைய கொட்டேஷன் தாளிலேயே புது விலையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டன்கள் நடுவில் சற்று மேடாக இருக்கும், கட்டைவிரலுக்கு இடம் பழகிவிடும். திரையைப் பார்த்துக்கொண்டே எண்களை அடிக்கலாம். கண்ணாடித் திரையில் எனக்கு இன்றுவரை அந்த வேகம் வரவில்லை.

உடனே ஐபோன்காரர்கள் வருவார்கள். ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்ததும் அதே 2008தான். பிரவுசரும் திரையும் அதில் பல மடங்கு மேல், மறுக்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் இருப்பதை காப்பி எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டும் வசதியே 2009 ஜூனில்தான் அதற்கு வந்தது. வேலை பார்க்கிறவனுக்கு எது தேவை என்று நீங்களே சொல்லுங்கள். இ71இன் கேமரா சுமார்தான், ஹெட்செட் துளையும் 2.5 மில்லிமீட்டர் என்பதால் சாதாரண இயர்போன் நேரடியாகச் சேராது. 3ஜி வசதி உள்ளே இருந்தும், தனியார் நிறுவனங்கள் 3ஜி கொடுக்க 2010 கடைசி, 2011 ஆகிவிட்டது. அதுவரை எட்ஜ் என்ற மெதுவான 2ஜி இணையம்தான். தமிழ் படிக்க ஒபேரா மினி பிரவுசரின் கான்ஃபிக் பக்கத்தில் போய் ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும், அப்புறம்தான் கட்டம் கட்டமாகத் தெரிந்த எழுத்து தமிழாகும்.

நான் பெருமையாகப் பேசுவது இன்னொரு விஷயத்துக்காக. அந்தப் போனில் முகப்புத் திரை இரண்டு உண்டு, ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று சொந்தத்துக்கு. ஒரு பட்டனில் மாற்றிக்கொள்ளலாம். அலுவலகத் திரையில் மெயிலும் காலண்டரும் வைத்திருந்தேன், வீட்டுத் திரையில் பாட்டும் படங்களும். வீட்டுப் படி ஏறும்போது மாற்றிவிட்டால் மெயில் கண்ணிலேயே படாது. வேலைக்கென்று செய்த போன், வேலை முடிகிற நேரம் ஒன்று உண்டு என்பதையும் ஒத்துக்கொண்டது. இன்றைய போன்களிலும் வொர்க் ப்ரொஃபைல், ஃபோகஸ் என்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, சரி. இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் "அப்டேட் ப்ளீஸ்" என்று போடும் மேனேஜரை அது என்ன செய்யும்?

இதைச் சொல்லாமல் விட மனமில்லை. அந்தப் போனை என் சொந்தக் காசில் வாங்கினேன், ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். மேனேஜர்களுக்கு மட்டும் கம்பெனியே போன் கொடுத்தது. வெயிலில் அலைகிற எங்களுக்கு டேட்டா பில்லைக்கூட "பர்சனல் யூஸ்" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். பயணப்படியும் அப்படித்தான், ஊருக்கு வெளியே சிப்காட் வரை ஆட்டோவில் போனாலும் டவுன் பஸ் கட்டணம்தான் தருவார்கள். ஆர்டர் வந்தால் மட்டும் படம் போட்டுப் பாராட்டுவார்கள். பதினைந்து வருடம் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

வீட்டில் அந்தப் போன் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். ஏர்டெல் போன்ற 2ஜி சிம் போட்டால் பேசலாம், ஜியோவில் 2ஜி இல்லை என்பதால் அது எடுக்காது. இந்தப் போனில் ஓடும் சிம்பியான் இயங்குதளத்துக்கு வாட்ஸ்அப் 2017இலேயே நின்றுவிட்டது. முதலில் பின்மூடியைக் கழற்றி பிபி-4எல் பேட்டரியைப் பாருங்கள், உப்பியிருந்தால் சார்ஜ் போட வேண்டாம்.