ராஸ்பெர்ரி போட்டும் பீரில் பழச்சுவை வரவில்லையா?

பழத்தை முதல் நொதித்தல் ஓய்ந்த பிறகு போடுங்கள். 20 லிட்டர் கோதுமை பீரில் 2 கிலோ ராஸ்பெர்ரியை ஈஸ்ட்டோடு சேர்த்தே போட்டீர்கள், இப்போது புளிப்பு மட்டும்தான் மிச்சம் என்கிறீர்கள். அளவில் குறையில்லை, போட்ட நேரம்தான் சரியில்லை.

ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும் முதல் நாட்களில் பொங்கி வெளியேறும் கரியமில வாயு, பழத்தின் மணத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். பழச்சர்க்கரையையும் ஈஸ்ட் தின்றுவிடும். இனிப்பு போய்விட்டால் நாக்குக்குப் பழம் பாதிதான் தெரியும்.

ஒரு டம்ளர் பீரில் கால் டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்துப் பாருங்கள். பழம் எட்டிப் பார்த்தால் இனிப்புதான் குறை. ஈஸ்ட் தின்னாத லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கொஞ்சம் சேர்த்தால் சரியாகிவிடும் (பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொடுக்காதீர்கள்). மாற்றமே இல்லையென்றால் மணம் போய்விட்டது, புதுப் பழம்தான் வழி.

அப்படிச் சேர்ப்பதானால் பழத்தை ஃப்ரீசரில் உறையவைத்து, இளக்கி, மசித்துப் போடுங்கள். உறையும்போது பனித்துகள்கள் பழத்தின் செல்களைக் கிழித்துவிடுவதால் சாறு தாராளமாக இறங்கும். கொதிக்க மட்டும் வைக்காதீர்கள். ஜாம் வாடை வரும், பழத்திலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருளால் பீரும் கலங்கிவிடும். ஒரு வாரம் ஊறினால் போதும். உறையவைப்பதால் கிருமிகள் சாகாது, அதனால் பாத்திரமும் மசிக்கும் கரண்டியும் சுத்தமாக இருக்கட்டும்.

புதுப் பழம் போட்டதும் நொதித்தல் மறுபடி தொடங்கும். ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியை அளக்கும் கருவி) 3 நாள் இடைவெளியில் ஒரே அளவைக் காட்டும்வரை பாட்டிலில் அடைக்கவே வேண்டாம். அவசரப்பட்டால் பாட்டில் வெடித்துக் கண்ணாடி தெறிக்கும்.