முப்பத்திரண்டு லட்சணம்

அன்புள்ள ஐயா,

உங்கள் நாவலை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நான் தன்பாலின ஈர்ப்புள்ளவன். என் நண்பனோடு முத்தியால்பேட்டையில் வாடகை வீட்டில் சில வருடங்களாகச் சேர்ந்து வாழ்கிறேன். எங்களைப் பற்றி ஒரு நாவல் வருகிறது என்றதும் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆனால் உங்கள் நாயகன் சபாபதி ஏன் இப்படி இருக்கிறான்? வாயைத் திறந்தால் பொய். வீட்டுக்குப் பயந்து கல்யாணம் செய்துகொண்டு ஒரு பெண்ணை ஏமாற்றுகிறான். ஊர் கேட்டதும் தன் காதலன் ஆரோக்கியத்தை யாரென்றே தெரியாது என்கிறான். உச்ச நீதிமன்றமே எங்கள் திருமணத்தை மறுத்துவிட்ட நேரத்தில் இப்படி ஒரு நாயகன் எதிரிகளின் கையில் ஆயுதம் ஆகாதா? போதாததற்கு அவனைப் பெரிய பக்தனாக வேறு ஆக்கியிருக்கிறீர்கள். எங்களுக்கு எதிராக முதலில் வந்து நிற்பதே மதம்தான். மதத்தை எழுதியே ஆகவேண்டும் என்றால் கூத்தாண்டவரை, அதாவது மோகினியாக வந்த கிருஷ்ணன் மணந்த அரவானை, எழுதியிருக்கலாம். நம் பாரதத்திலேயே இருக்கிறது பார் என்று சொல்ல வசதியாக இருந்திருக்கும். குறையில்லாத ஒரு மனிதனை எங்களுக்காக எழுதக் கூடாதா? இரண்டாம் பதிப்பில் முடிவையாவது மாற்றுவீர்களா? நூறு பக்கம் குறைத்தாலும் நல்லது.

செ., புதுச்சேரி

அன்புள்ள செ.,

உடனே பதில் எழுதக் காரணம் இருக்கிறது. இங்கே கடலூரில் எங்களுக்குப் பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருக்கிறார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அரவான் களப்பலி பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

பக்கத்தைக் குறைக்கச் சொன்னதை விட்டுவிடுகிறேன். அந்தக் கதைக்கு அந்த நீளம் வேண்டும்.

பாரதப் போருக்கு முன் காளிக்குக் கொடுக்கும் களப்பலிக்கு முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஆண்மகன் வேண்டும். தேடிப் பார்த்தால் பாண்டவர் பக்கம் மூன்று பேர்தான் தேறுகிறார்கள்: கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான். முதல் இரண்டு பேர் இல்லாமல் போர் நடக்காது. மிஞ்சியது அரவான். அந்தப் பிள்ளையிடம் ஒரு குறையும் கிடையாது, அதனால்தான் அவனுக்குச் சாவு. சூதாடி நாட்டையும் தம்பிகளையும் பெண்டாட்டியையும் வைத்துத் தோற்ற தருமன் கடைசியில் பட்டம் கட்டிக்கொள்கிறான். கோபத்தை அடக்கத் தெரியாத பீமன் பிழைத்துக்கொள்கிறான். ஒரு மாசும் இல்லாதவனைக் கொண்டுபோய்க் காளிக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். குறையில்லாத ஒரு மனிதனை எங்களுக்காக எழுதக் கூடாதா என்று நீங்கள் கேட்ட வரியைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. தம்பி, உங்களைப் போன்றவர்கள் தலைகாட்டும் கதைகளை யோசித்துப் பாருங்கள். ஒன்று, கேலிக்கு வருவார்கள். இல்லையென்றால் எல்லோருக்கும் நல்லது செய்து, யாரையும் நோகடிக்காமல், கடைசியில் செத்து நம்மை அழவைப்பார்கள். இந்த இரண்டாவது ஆள் அரவான்தான். அவனை நான் எழுத மாட்டேன். சபாபதி கடைசிப் பக்கத்திலும் உயிரோடு இருக்கிறானே, அதைக் கவனித்தீர்களா?

கர்ண மோட்சம் கூத்தை விடிய விடியப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் பக்கம் வந்தால் கூட்டிப்போகிறேன். விடிகிற நேரத்தில் கர்ணன் வேஷக்காரருக்கு வியர்வையில் அரிதாரம் கரைந்து கழுத்துவரை இறங்கியிருக்கும். தொண்டை கட்டிப்போயிருக்கும். தேர்ச் சக்கரம் மண்ணில் புதைந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து அழுகை கிளம்பும், மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு அழுவார்கள். அன்றைக்குச் சபையில் பாஞ்சாலியின் துகிலை உரியச் சொன்னவர்களில் கர்ணனும் ஒருவன் என்பது அவர்களுக்குத் தெரியாதா? பாஞ்சாலி அவர்களுக்குக் கதையில் வருகிற ஒருத்தி அல்ல, அம்மன். அவள் கோயில் வாசலில் உட்கார்ந்துகொண்டே அவளை அவமானப்படுத்தியவனுக்காக அழுகிறார்கள். அவன் செய்ததை அவர்கள் மன்னிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. இத்தனை விளங்கிய ஜனங்களுக்குச் சபாபதியை விளங்காது என்று எப்படி முடிவு கட்டினீர்கள்?

ஒரு விஷயத்தில் உங்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம். ‘ஒரு பெண்ணை ஏமாற்றுகிறான்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அவளுக்கு வசந்தா என்று பெயர் இருக்கிறது. நாவலில் சபாபதிக்கு அடுத்தபடி அதிகப் பக்கம் அவளுக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து தன்னிடம் என்ன குறை என்று கண்ணாடியில் தேடிக்கொண்டே இருப்பவள். சபாபதியை நான் உத்தமனாக்கினால் அவளுடைய வழக்கு என்ன ஆகும்? உங்களுக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்வதற்காக அவளுக்கு நேர்ந்ததை மறைக்கச் சொல்கிறீர்கள். அது என்னால் ஆகாது.

ஆயுதம் என்கிறீர்கள். 2023 அக்டோபர் 17 தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். இவர்கள் யோக்கியர்கள் இல்லை, அதனால் மறுக்கிறோம் என்று ஐந்து நீதிபதிகளில் ஒருவரும் சொல்லவில்லை. திருமணம் செய்வது அடிப்படை உரிமை அல்ல, சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். சேர்ந்து வாழும் உறவுக்காவது அங்கீகாரம் தரவேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். 2025 ஜனவரியில் மறுசீராய்வு மனுக்களும் தள்ளுபடி. இதில் சபாபதியின் பொய்க்கு எங்கே வேலை? ஆணும் பெண்ணும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணக்கப் போனால் வயதைக் கேட்பார்கள், ஏற்கெனவே துணை உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பார்கள், புத்தி சுவாதீனமா, விலக்கப்பட்ட உறவுமுறையா என்று பார்ப்பார்கள். நீ நல்லவனா என்று எந்தப் பதிவாளரும் கேட்பதில்லை. குடிகாரன் மணக்கலாம். ஊரெல்லாம் கடன் வாங்கி ஏமாற்றியவன் மணக்கலாம். ஜெயிலிலிருந்து வந்தவன் மணக்கலாம். யாரும் கேட்காத நன்னடத்தைச் சான்றிதழை நீங்களாக ஏன் எடுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள்?

கூத்தாண்டவரைக் கூப்பிடுவதும் அதே ஓட்டம்தான். கூவாகத்திலும் உங்கள் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் திருநங்கைகள் அரவானுக்காகக் கட்டிக்கொள்ளும் தாலி, அவன் பலியானதும் அழுகளத்தில் வளையலை உடைத்து அறுக்கிற தாலி. அது அவர்களுடைய துக்கம், அவர்களுடைய சாமி. ஆணும் ஆணும் மணக்கும் வழக்கில் சாட்சி சொல்ல அதை இழுத்து வருவதற்கு உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. அவர்களுடைய வழக்கே வேறு. திருநங்கையும் ‘மணமகள்’தான் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019லேயே சொல்லிவிட்டது. இன்னொன்றையும் யோசியுங்கள். புராணத்தில் இருக்கிறது, ஆகவே கொடு என்று இன்றைக்கு நீங்கள் கேட்டால், புராணத்தில் இல்லை, ஆகவே கிடையாது என்று நாளைக்கு எதிராளிகள் சொல்வதை எப்படி மறுப்பீர்கள்?

மதம் இந்த விவாதத்துக்குள் வந்தது உண்மைதான். இந்துக்களுக்குத் திருமணம் ஒரு சம்ஸ்காரம், முஸ்லிம்களுக்கு ஒப்பந்தம், எதுவானாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் என்று ஒன்றிய அரசே 2023ல் மனு போட்டது. ஆனால் வழக்காடியது எந்தச் சட்டத்தை வைத்து? மதம் வேண்டாம் என்பவர்களும் மதம் கடந்து மணப்பவர்களும் பதிவாளர் முன்னால் மணக்கட்டும் என்று 1954ல் கொண்டுவந்த சிறப்புத் திருமணச் சட்டத்தை வைத்து. மதங்களின் தனிச் சட்டங்களுக்குள் நுழைய மாட்டோம் என்று நீதிபதிகளும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள் வருடக்கணக்கில் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்களாகவே இருந்தார்கள். அண்ணா ஆட்சியில் 1967ல் வந்த திருத்தம், முன்னால் நடந்த திருமணங்களையும் சேர்த்துச் செல்லும் என்றது. புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று நாலு பேர் முன்னால் சொல்லி மாலை மாற்றினால் போதும். அதனால் எந்தக் கோயிலின் கதவும் சாத்தப்படவில்லை.

நீங்களோ புதுச்சேரிக்காரர். 1881ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. விருப்பமுள்ளவர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறப்பதாகக் கையெழுத்துப் போட்டால் அவர்களும் அவர்கள் சந்ததியும் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வருவார்கள். அவர்களை ரெனோன்சான், அதாவது துறந்தவர்கள், என்றார்கள். இந்துவும் போட்டார், கிறிஸ்தவரும் போட்டார். திருமணம் மேரி என்ற நகராட்சி அலுவலகத்தில் அதிகாரி முன்னால். இன்றைக்கும் இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2013ல் பிரான்சு தன்பால் திருமணத்தைச் சட்டமாக்கியது. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் உங்கள் தெருக்காரருக்கு அதுவும் சட்டம்தான். அடுத்த வீட்டில் இந்தியக் குடியுரிமையோடு இருக்கும் உங்களுக்கு இல்லை. இரண்டு பேரும் ஒரே மணக்குள விநாயகரைத்தான் கும்பிடுகிறீர்கள்.

சபாபதி ஏன் பக்தன் என்றால், நான் பார்த்த மனிதர் பக்தராக இருந்தார்.

கடலூர் முதுநகரில் ஒரு தையற்காரர். அவரோடு ஓர் அச்சுக்கோப்பவர் இருந்தார். கீழே தையல் கடை, மேலே ஒரே அறை. ‘ஃபிரெண்டுங்க’ என்று தெரு சொல்லிக்கொண்டது, அதற்குமேல் கேட்கவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன், டவுசருக்கு அளவு கொடுக்கப் போவேன். தையற்காரர் நல்லவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வட்டிக்குக் கொடுப்பார், ஒரு நாள் தள்ளினால் வாசலில் வந்து கத்துவார். மிச்சத் துணியைத் திருப்பித் தரமாட்டார். ராத்திரியில் குடிப்பார். ஆனால் பிரதோஷத்துக்குத் திருப்பாதிரிப்புலியூர் சிவன் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. ஒரு தடவை என் அம்மாவோடு நானும் சந்நிதியில் நின்றேன். தட்டை நீட்டியவர் தன் பேர், நட்சத்திரம், ராசி சொல்லிவிட்டு, அதே மூச்சில் அச்சுக்கோப்பவர் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். குருக்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இரண்டையும் சேர்த்துச் சொல்லி அர்ச்சனை செய்தார். பழகிப்போன பேர்கள் என்று தெரிந்தது. அச்சுக்கோப்பவர் வராத நாளில் “அவர் எங்க, உடம்பு முடியலையா?” என்று கேட்டதும் அந்தக் குருக்கள்தான்.

பல வருடம் கழித்து அச்சுக்கோப்பவருக்கு நுரையீரல் கெட்டுப்போய்ப் புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் அப்போது அங்கே வேலையில் இருந்ததால் துணைக்குப் போனேன். ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டு ஒரு தாளை நீட்டினார்கள். உறவு என்ற இடத்தில் தையற்காரர் ‘நண்பர்’ என்று எழுதினார். அந்தத் தாள் செல்லவில்லை. “சொந்தக்காரங்க யாராவது வரட்டும் பெரியவரே.” அச்சுக்கோப்பவரின் அண்ணன் மகன் ஒருவன் மறுநாள் வந்து போட்டான். நான்காம் நாள் உடலையும் அவன்தான் வாங்கினான். கொள்ளியும் அவன். தையற்காரர் கூட்டத்தில் ஓர் ஆளாகக் கெடிலம் கரைவரை நடந்து வந்தார். வீடு அச்சுக்கோப்பவர் பேரில் இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாடியில் பூட்டுத் தொங்கியது. உள்ளே அவருடைய வேட்டி சட்டைகூட இருந்தது. வட்டிக்குக் கொடுத்து ஊரை அழவைத்த மனிதர், அந்த வேட்டிக்காக யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அந்த மனிதருக்கு நடந்தது அநியாயம்தானே? அவர் குடிக்காதவராக, வட்டி வாங்காதவராக இருந்திருந்தால் இன்னும் பெரிய அநியாயம் ஆகியிருக்குமா? இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், திட்டாதீர்கள். குருக்கள் கொடுத்ததை மருத்துவமனைத் தாள் கொடுக்கவில்லை. ஆனால் குருக்கள் இரண்டு பேரையும் சேர்த்துச் சொன்ன அர்ச்சனையைக் காட்டி உடலை வாங்க முடியாது, பூட்டைத் திறக்க முடியாது. அதற்கு அரசாங்கத்தின் பதிவேடுதான் வேண்டும். வழக்கு அந்தப் பதிவேட்டோடு மட்டும்.

தீர்ப்புக்குப் பிறகு 2024ல் ஒன்றிய அரசு சில அறிவிப்புகள் செய்தது. தன்பாலினத் துணைவர்களை ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதலாம். சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை, ஒருவர் மற்றவரை நாமினியாகப் போடலாம். நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவர் உடலைப் பெறலாம். கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். இல்லாதபோது. தையற்காரருக்கு அந்த அண்ணன் மகன் இருந்தான்.

சேர்ந்து வாழ்கிறோம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே கவலை. நீங்களும் உங்கள் நண்பரும் உயில் எழுதியிருக்கிறீர்களா? வாடகை வீடுதானே என்று சொல்லாதீர்கள். வண்டி இருக்கும், சேமிப்பு இருக்கும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமில்லை, செய்துவைத்தால் நல்லது. எழுதுபவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். சொத்து யாருக்குப் போகிறதோ அவர் சாட்சியாக இருக்க வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பேரும் இருக்கட்டும். வங்கியில் நாமினி பெயரை நாளைக்கே மாற்றுங்கள். புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், உங்களிடம் பணம் வாங்க மாட்டார். தனி மடலில் எண் அனுப்புகிறேன்.

நாவலின் முடிவு மாறாது. சபாபதியைப் பற்றி இன்னும் கோபம் இருந்தால் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், வசந்தாவைப் பற்றி ஒரு பத்தியாவது சேர்த்து. முதல் வரியில் மட்டும் உயில் எழுதியாயிற்றா என்று சொல்லிவிடுங்கள்.