கடல் மின்னினால் மீன் குறையுமா?

கேள்வி: ராத்திரி வலை இழுக்கையில் தண்ணீர் நீலமாக மின்னினால் அன்றைக்கு மீன் குறைவு என்கிறார் அப்பா. உண்மையா?
- வாசகி, காசிமேடு

பதில்: அப்பா சொல்வதில் விஷயம் இருக்கிறதம்மா. மின்னுவது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் மிதவை உயிரி. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்ததே, அதேதான். அந்தத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பாருங்கள், ஜவ்வரிசிக் குருணை மாதிரி மிதக்கும். மத்தி தின்கிற டயாட்டம் பாசியையும் மீன் முட்டையையும் இது விழுங்கிவிடுகிறது, அப்புறம் கூட்டமாகச் செத்து அழுகினால் ஆக்சிஜன் குறைந்து மீன் விலகிப் போகும். கழிவுநீர்ச் சத்தும் பாசியைப் பெருக்கி இதற்கும் தீனி போடுகிறது. எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. லேசான மினுக்கத்துக்குப் பயம் வேண்டாம், பகலில் தண்ணீர் பச்சையாகவோ செம்பழுப்பாகவோ தடித்துத் தெரிந்தால் அந்தப் பக்கம் வலை விடவேண்டாம் எனச் சொல்லுங்கள்.