மதம் கலக்காத பள்ளி: எங்கே தேடுவது, எதைச் சோதிப்பது?

கேள்வி: மத நிறுவனம் நடத்தும் தனியார் பள்ளியில் எங்கள் பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். படிப்பில் குறையில்லை. வழிபாடும் மதபோதனையும்தான் எங்களுக்கு ஒத்துவரவில்லை. வேறு என்ன வழி?

பதில்: இப்போதைய பள்ளிக்கு எதற்காகக் கட்டணம் கட்டுகிறீர்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். வகுப்பில் கூட்டம் குறைவு என்பதற்கா, ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவதில்லை என்பதற்கா, மைதானத்துக்கா? இவற்றில் எதுவும் மதத்தால் வந்ததல்ல. புதிய பள்ளியிலும் இவற்றையே தேடுங்கள்.

அரசுப் பள்ளியைப் பட்டியலில் முதலில் வையுங்கள். ஆனால் 'அரசு' என்றாலே மதமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரான்ஸ் 1882இல் சட்டம் போட்டு, அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து மதபோதனையை எடுத்துவிட்டு ஒழுக்கமும் குடிமையியலும் வைத்தது. இங்கிலாந்திலோ அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளுக்கு, எந்த மதத்தையும் சாராதவை உட்பட, தினசரி கூட்டு வழிபாடு சட்டப்படி கட்டாயம். பெற்றோர் விரும்பினால் பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளலாம்.

இத்தகைய விலக்குரிமை உங்களுக்கு உண்டா என்று பாருங்கள். மத நிறுவனத்தின் தனியார் பள்ளியில் அது செல்லாமல் போகலாம். சேர்க்கையின்போது எதற்குக் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதை எடுத்துப் படியுங்கள். உரிமை இருந்தாலும் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும்: அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும்? வராந்தாவில் தனியே உட்கார வைத்தால், பிள்ளையின் கண்ணுக்கு அது தண்டனைதான்.

பெற்றோரே பள்ளி தொடங்கிய இடங்களும் உண்டு. பெரும்பாலான தொடக்கப் பள்ளிகள் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் இருந்த அயர்லாந்தில், 1978இல் டப்ளினை ஒட்டிய டால்கி என்ற ஊரில் அப்படி ஒரு பள்ளி திறந்தது. 'எஜுகேட் டுகெதர்' பள்ளிகள் அதன் வழியில் வந்தவை. எல்லா மதங்களைப் பற்றியும் அங்கே பாடம் உண்டு. ஒரு மதத்தில் பிள்ளையை வளர்க்கும் போதனை வேண்டுமென்றால் பள்ளி நேரத்துக்கு வெளியேதான்.

கேள்வி: மாண்டிசோரி, வால்டோர்ஃப், ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) என்றெல்லாம் கல்வி முறைகளைச் சொல்கிறார்களே, இவை மதச்சார்பற்றவைதானே?

பதில்: பெயரை வைத்துச் சொல்ல முடியாது. 1907இல் ரோமில் தொடங்கிய மாண்டிசோரி முறைக்கு மதம் தேவையில்லை. ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். மத நிறுவனங்களும் எழுதுகின்றன. முறை உண்மையா என்று பார்க்க, மூன்று வயது வித்தியாசமுள்ள பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்களா, காலையில் இடையூறில்லாமல் மூன்று மணி நேரம் வேலை செய்ய விடுகிறார்களா என்று கவனியுங்கள்.

வால்டோர்ஃபில் கூடுதல் கவனம் வேண்டும். 1919இல் ஷ்டுட்கார்ட்டில் அதைத் தொடங்கிய ருடால்ஃப் ஸ்டைனர் 'ஆந்த்ரோபோசஃபி' என்ற ஆன்மிகக் கொள்கையைக் கட்டியவர். அந்தக் கொள்கை பள்ளியில் எவ்வளவு தெரிகிறது என்று அறிய, காலையில் பிள்ளைகள் சொல்லும் செய்யுளை எழுதித் தரச் சொல்லிப் படித்துப் பாருங்கள்.

ஐ.பி. 1968இல் ஜெனீவாவில் உருவான பாடத்திட்டம். அதில் மதபோதனை இல்லை. ஆனால் அதை நடத்தும் பள்ளி மதப் பள்ளியாகவும் இருக்கலாம்.

கேள்வி: நேரில் போனால் எல்லாப் பள்ளியும் 'நாங்கள் பொதுவானவர்கள்' என்றுதான் சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: சொல்வதை விடுங்கள், தாள்களைக் கேளுங்கள். சேர்க்கைப் படிவம், ஒரு வாரக் கால அட்டவணை, விடுமுறைப் பட்டியல், பள்ளியின் உரிமையாளர் யார் என்ற விவரம். 'நன்னெறி', 'வாழ்க்கைக் கல்வி' என்ற பெயரில் வகுப்பு இருந்தால் அதன் புத்தகத்தைப் புரட்டுங்கள். மதபோதனை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அறிவியல் புத்தகத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள்: பரிணாமம், பூமியின் வயது (சுமார் 454 கோடி ஆண்டுகள்), மனித இனப்பெருக்கம். பாடம் புத்தகத்தில் இருந்தும் நடத்தாமல் தாண்டுவதுண்டு. ஆகவே மேல்வகுப்பு மாணவர் ஒருவரின் நோட்டைப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. பள்ளியைச் சுற்றிப் பார்க்க எல்லோரையும் அழைக்கும் நாளில் போகாதீர்கள், அன்று எல்லாமே அலங்காரம். சாதாரண வேலை நாளில், காலைக் கூட்டம் தொடங்குமுன் போய் நில்லுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தால்?

பதில்: சட்டம் அனுமதிக்கிறதா என்பதே முதல் கேள்வி; ஜெர்மனியில் அனுமதி இல்லை. விற்பனைக்கு வரும் பாடத்தொகுப்புகளில் 'நடுநிலை' என்று போட்டிருப்பவற்றிடம் ஜாக்கிரதை. யாருக்கும் மனம் நோகாதபடி பரிணாமத்தையே விட்டுவிட்டிருப்பார்கள். தேர்வுக்கு, பத்தாம் வகுப்பு அளவிலான பன்னாட்டுத் தேர்வான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ.யைத் தனித்தேர்வராக எழுதலாம். அங்கீகாரம் பெற்ற மையம் ஒன்று பதிவு செய்துதர வேண்டும், எல்லாப் பாடங்களும் கிடைக்காது. ஐ.பி.யின் மேல்நிலைப் படிப்பான டிப்ளமோவைத் தனித்தேர்வராக எழுத முடியாது.

கேள்வி: எப்போது மாற்றுவது?

பதில்: ஆண்டு முடிவில். கணக்கு, மொழிப் பாடங்களில் புதிய பள்ளியின் சென்ற ஆண்டு வினாத்தாள்களை வாங்கி, இரண்டு மாதம் முன்பே வீட்டில் எழுத வையுங்கள். இடைவெளி எங்கே என்று தெரிந்துவிடும். பல தனியார் பள்ளிகள் ஒரு பருவம் முன்னதாக எழுத்தில் அறிவிப்புக் கேட்கும். தவறினால் அந்தப் பருவக் கட்டணமும், சில சமயம் வைப்புத்தொகையும் போய்விடும். புதிய இடம் எழுத்தில் உறுதியான பிறகே பழைய பள்ளிக்குக் கடிதம் கொடுங்கள்.