ஆர்கெஸ்ட்ரா வயலின் வேலை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் அரசரடிப் பக்கம் வளர்ந்தவள். சர்ச் பாடகர் குழுவுக்கு வாசித்துத் தொடங்கி, சென்னையில் சினிமா ஒலிப்பதிவுகளுக்குப் போய், இப்போது வெளிநாட்டில் ஒரு சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவில், அதாவது மேற்கத்தியச் செவ்விசை வாசிக்கும் பெரிய வாத்தியக் குழுவில், இரண்டாம் வயலின் வரிசையில் இருக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருப்பதால், இந்த வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

திருமங்கலத்திலிருந்து ஒரு தாயார்: மகளுக்கு எட்டு வயது, கர்நாடக வயலின் கற்கிறாள். பிற்காலத்தில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் போக ஆசைப்பட்டால், இப்போதே வெஸ்டர்னுக்கு மாற்றிவிட வேண்டுமா?

மாற்ற வேண்டாம்மா, கூடச் சேர்த்துவிடுங்கள். கர்நாடகம் தரும் காது எங்கே போனாலும் சோறு போடும். கைப்பழக்கம்தான் வேறு. நாம் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைப் பாதத்தின்மேல் ஊன்றிக்கொள்கிறோம். அதனால் இடது கை தந்திமேல் தாராளமாக வழுக்கி ஓடுகிறது, கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) பிறக்கிறது. அங்கே நாடிக்கும் தோளுக்கும் நடுவில் வயலின் நிற்க வேண்டும். சுருதி சேர்ப்பதும் ச-ப-ச-ப கிடையாது. ஜி, டி, ஏ, இ. எட்டு வயதில் இந்த இரண்டு பழக்கமும் சண்டையில்லாமல் உடம்பில் ஏறிவிடும், இருபதுக்கு மேல் சிரமப்பட்டுத்தான் ஏறும்.

'வளர்ந்தாலும் ஆகட்டும்' என்று முழு அளவு வயலின் மட்டும் வாங்கித் தராதீர்கள். இந்த வயதுக்குப் பெரும்பாலும் அரை அளவுதான் பொருந்தும். எட்டாத கையை நீட்டி நீட்டி வாசித்தால் தோள்பட்டை கெட்டுவிடும்.

மேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அக்கா, எட்டாவது கிரேடு முடித்துவிட்டேன். ஆர்கெஸ்ட்ராவில் சேர இது போதுமா?

போதாது தம்பி. மேற்கத்திய இசைத் தேர்வு நடத்தும் டிரினிட்டி ஆகட்டும், ஏபிஆர்எஸ்எம் ஆகட்டும், எட்டாவது கிரேடு என்பது வெளிநாட்டு இசைக் கல்லூரிகளின் வாசல்படிக்கு அருகில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். அதற்கப்புறம் நாலு வருடமாவது முழுநேரப் படிப்பு இருக்கிறது.

ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் பார்க்கும் குறை விரலில் இல்லை. தேர்வுக்காக மூன்று நாலு உருப்படிகளை வருடம் முழுக்கத் தேய்க்கிறோம். ஆர்கெஸ்ட்ராவில் வாரா வாரம் புது நிகழ்ச்சி. மூன்று நாலு நாள் ஒத்திகை, அப்புறம் மேடை. பார்த்த மாத்திரத்தில் நோட்டேஷன் (தாளில் எழுதிய இசைக் குறிப்பு) படிக்க வராதவர் அந்த ஓட்டத்தில் நிற்க முடியாது.

இன்னொன்று, கூட்டத்தோடு வாசிப்பது. பெரிய ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் 16 பேர், இரண்டாம் வயலின் 14 பேர் வரை இருப்போம். இரண்டு பேருக்கு ஒரு நோட்டு ஸ்டாண்டு. உள்பக்கம் இருப்பவர் பக்கத்தைத் திருப்புவார், வெளிப்பக்கம் இருப்பவர் விடாமல் வாசித்துக்கொண்டிருப்பார். எந்தச் சுரத்துக்கு வில்லை இழுப்பது, எதற்குத் தள்ளுவது என்று கான்செர்ட்மாஸ்டர் (முதல் வயலின் பிரிவின் தலைவர்) முடிவு செய்வார். அதைப் பார்த்து ஒவ்வொரு பிரிவின் தலைவரும் தன் பிரிவுக்குக் குறிப்பார். ஒத்திகையில் அது மாறினால் முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பிக் கிசுகிசுக்க, செய்தி பின்வரிசை வரை போகும், எல்லார் பென்சிலும் ஒரே நேரத்தில் நகரும். பென்சில் இல்லாமல் ஒத்திகைக்கு வருபவரை யாரும் மதிப்பதில்லை.

பின்வரிசையில் உட்கார்ந்தால் இன்னொரு சிக்கல். மேடையின் மறுகோடியிலிருந்து சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் காதுக்கு வரும். காதை மட்டும் நம்பி வாசித்தால் நாம் பிந்திவிடுவோம். முன்னால் இருப்பவரின் வில்லைக் கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மதுரையில் இதை எங்கே பழகுவது என்று கேட்பீர்கள். சர்ச் ஞானப்பாட்டு நோட்டு ஒன்றை வாங்குங்கள். நாலு குரலில் ஆல்ட்டோ வரியை (மேலிருந்து இரண்டாவது குரலை) மட்டும், நிறுத்தாமல், தப்பினாலும் தொடர்ந்து வாசியுங்கள். இரண்டாம் வயலினின் பிழைப்பு பெரும்பாலும் இப்படி நடுவில் ஓடும் வரிதான். வாரம் ஒரு நாள் இன்னொரு வயலின்காரரோடு டூயட் வாசியுங்கள், கீழ் வரியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா நகரிலிருந்து: ஆடிஷனில் ஆளைப் பார்க்காமல் திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்வார்களாமே?

உண்மைதான். பாஸ்டன் சிம்ஃபனி 1952இல் திரை வைத்தது. 1970களிலிருந்து பல ஆர்கெஸ்ட்ராக்களில் அது வழக்கமானது. உங்களுக்கு ஒரு எண் கொடுப்பார்கள். குதிகால் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கக் கூடாதென்று சில இடங்களில் தரையில் கம்பளமும் விரிப்பார்கள். நீங்கள் பேசக் கூடாது, சந்தேகம் இருந்தால் உடன் நிற்பவரிடம் மெதுவாகச் சொன்னால் அவர் கேட்டுச் சொல்வார். யாருடைய சிஷ்யர், எந்த ஊர், என்ன நிறம், எதுவும் உள்ளே போகாது. மதுரைக்காரிக்கு இதைவிட நியாயமான வாசல் வேறு கிடையாது என்பது என் கருத்து. இறுதிச் சுற்றில் திரையை எடுத்துவிடும் இடங்களும் உண்டு.

வாசிக்கச் சொல்வது முதலில் பெரும்பாலும் மோட்சார்ட்டின் நாலாவது அல்லது ஐந்தாவது வயலின் கான்செர்ட்டோவின் (தனி வயலினுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய படைப்பின்) தொடக்கம். கேட்க எளிமையாக இருக்கும். ஒளிந்துகொள்ள இடமே இருக்காது. ஒரு சுரம் இம்மி பிசகினாலும் தெரியும். அப்புறம் ஆர்கெஸ்ட்ரா படைப்புகளிலிருந்து துண்டுகள்: ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டான் ஹுவான்' முதல் பக்கம், ஷூமானின் இரண்டாம் சிம்ஃபனியின் ஸ்கெர்ட்சோ என்ற வேகமான பகுதி, மோட்சார்ட்டின் 39ஆம் சிம்ஃபனி. ஷூமானில் வில் துள்ளித் துள்ளி ஓடும்போது காலம் சீராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பலருக்குச் சில நிமிடங்களிலேயே 'நன்றி' வந்துவிடும்.

பயிற்சிக்கு ஒரு வழி. போனில் தம்புரா செயலியை ஏ சுரத்தில் ஓடவிட்டு ஸ்ருதியைச் சரிபாருங்கள், பிறகு தாள வேகம் காட்டும் மெட்ரோனோமோடு வாசியுங்கள். கடைசியாக மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்கி, நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரே ஒரு தடவை வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஆடிஷன் அன்று உங்கள் கை எப்படி இருக்கும் என்பதை அந்தப் பதிவு சொல்லும்.

தேர்வானாலும் உடனே நிரந்தரம் இல்லை. ஜெர்மனியில் ஒரு வருடம் வரை சோதனைக் காலம். முடிவில் கூட வாசித்தவர்களே ஓட்டுப் போடுவார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: இந்தியாவிலேயே இருந்துகொண்டு இதில் பிழைக்க முடியுமா சார்?

(சார் இல்லை, அக்கா என்றே கேட்கலாம்.) சம்பளம் கொடுத்துத் தொழில்முறையாக நடக்கும் பெரிய ஆர்கெஸ்ட்ரா என்றால் மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா. அதிலும் வெளிநாட்டுக் கலைஞர்கள் நிறையப் பேர். சென்னையில் 2008இல் ஏ.ஆர். ரஹ்மான் தொடங்கிய கேஎம் இசைப் பள்ளி இருக்கிறது, படிக்கலாம். சினிமா ஒலிப்பதிவு கால்ஷீட் கணக்கில் வரும். இப்போது பெரிய ஸ்ட்ரிங்ஸ் (வயலின், செல்லோ போன்ற தந்தி வாத்தியங்கள்) பகுதிகளைப் பதிவு செய்ய புடாபெஸ்டுக்கும் வடக்கு மாசிடோனியாவுக்கும் கொண்டுபோகிறார்கள். இங்கே வேலை அந்த அளவுக்குக் குறைகிறது. ஆகவே ஒலிப்பதிவு, மேடை, வகுப்பு மூன்றையும் சேர்த்துத்தான் குடும்பம் ஓடும். ஒன்றை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: அக்கா, கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிறேன். எதையும் காதால் கேட்டு எடுத்துவிடுவேன், நோட்டேஷன் தெரியாது. வயது 27.

சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா வேலைக்கு இது மிகவும் தாமதம் தம்பி, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் தாமதமில்லை. நோட்டேஷன் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தினமும் அரைமணி நேரம், வயலினைத் தொடாமல் முதலில் தாளத்தை மட்டும் கைதட்டிப் படியுங்கள். உங்கள் காது ஏற்கெனவே தயாராக இருப்பதால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

தேனியிலிருந்து: ராஜா சாரின் சிம்ஃபனியை லண்டனில் வெள்ளைக்காரர்கள்தானே வாசித்தார்கள்? நம்மவர்கள் வாசிக்க முடியாதா?

முடியும். 2025 மார்ச் 8 அன்று பண்ணைப்புரத்துக்காரர் ஒருவரின் சிம்ஃபனி லண்டனில் ஒலித்ததில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அத்தனை பேர் வருடக்கணக்காகச் சேர்ந்து வாசித்த பழக்கம் ஒரு ஊரில் இருந்தால்தான் அங்கே ஆர்கெஸ்ட்ரா உருவாகும். மதுரையில் ஐந்து வயலின், ஒரு செல்லோ சேர்ந்து மாதம் ஒருமுறை உட்கார்ந்தாலே நல்ல தொடக்கம்.

சிவகங்கையிலிருந்து: சித்திரை வெயிலில் பிருடை (தந்தியை முறுக்கும் கட்டை) நழுவுகிறது, ஒட்டும் விடுகிறது. என்ன செய்வது?

காய்ந்தால் மரம் சுருங்கும், பிருடை நழுவும். பிருடைக்கென்று விற்கும் பூச்சைக் (பெக் பேஸ்ட், ஒட்டும் பசை அல்ல) கொஞ்சம் தடவுங்கள், சாக்பீஸ் பொடியை அப்பாதீர்கள். பூட்டிய காரில் பத்து நிமிடம்கூட விடக் கூடாது. ரயிலில் ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டு விட்டால் ஃபெவிகாலைத் தொடவே தொடாதீர்கள். வயலினுக்கு விலங்குப் பசைதான் போடுவார்கள், அடுத்த பழுதுக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியும். தெரிந்தவரிடம் கொடுக்கும் வரை தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) விழுந்துவிடும், உள்ளே நிற்கும் குச்சியும் சாய்ந்துவிடும்.