ஊசி போட்டுவிட்டு ஏன் காக்க வைக்கிறார்கள்?

கேள்வி: மாரடைப்பு வந்து ஆறு மாதமாகிறது, ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இதயத் தசையில் தழும்பு எவ்வளவு என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். ஊசி போட்டுக் கால் மணி நேரம் கழித்துத்தான் படம் எடுப்பார்களாமே, ஏன்?

பதில்: விஷயமே அந்தக் கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது. ஊசியில் உள்ள கடோலினியம், உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமோல், உயிருள்ள செல்லுக்குள் நுழையாது. செல்களின் இடைவெளியில் மட்டும் பரவும். நல்ல தசையில் அந்த இடைவெளி குறைவு, மருந்து சீக்கிரம் வடிந்துவிடும். தழும்பிலோ செல் போய் நார் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே மருந்து தேங்கி, 10 முதல் 20 நிமிடத்தில் வெள்ளையாகத் தெரியும்.

பக்கத்தில் நல்ல தசை கறுப்பாக இருந்தால்தான் அந்த வெள்ளை எடுபடும். அதற்கு டெக்னீஷியன் வைப்பது ‘இன்வெர்ஷன் டைம்’ (முதல் ரேடியோ துடிப்புக்கும் படம் பதிவதற்கும் இடையே விடும் நேரம்), 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) மெஷினில் பெரும்பாலும் 250–350 மில்லி செகண்ட். மருந்து வடிய வடிய இந்த எண்ணைக் கூட்ட வேண்டும். முதலில் வைத்ததையே விட்டுவிட்டால் நல்ல தசை சாம்பல் பூத்து, சின்னத் தழும்பு அதில் காணாமல் போகும். சந்தேகமான வெள்ளைக் கோடு தெரிந்தால், படம் பதியும் திசையை மாற்றி இன்னொரு முறை எடுப்பார்கள். நிஜத் தழும்பு இடம் மாறாது.

உங்கள் பங்கு மூச்சு. மூச்சை வெளியே விட்டு, ஒவ்வொரு முறையும் அதே அளவில் 10–15 விநாடி அடக்குங்கள். இன்று வைக்கப்படும் ஸ்டென்ட்டுகள் தடையில்லை. பேஸ்மேக்கர் இருந்தால் அதன் அட்டையைக் காட்டுங்கள், சிறுநீரக வடிகட்டும் அளவு (ஈ.ஜி.எஃப்.ஆர்.) 30-க்குக் கீழ் என்றால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ரிப்போர்ட்டில் தழும்பைச் சதவீதத்தில் போடுகிறார்களே, அது எதில் சதவீதம்?

பதில்: இதயச் சுவரின் தடிமனில். மாரடைப்புத் தழும்பு உள்பக்கத்தில் தொடங்கி வெளியே பரவும். 50-க்குள் நின்றால், ரத்த ஓட்டத்தைச் சீராக்கிய பின் அந்தப் பகுதி மீண்டும் சுருங்கி விரிய நல்ல வாய்ப்பு உண்டு. 75-ஐத் தாண்டினால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. நடுவில் உள்ளவைதான் மருத்துவர்களுக்குத் தலைவலி. உள்பக்கத்தைத் தொடாமல் நடுவிலோ வெளிப்புறத்திலோ மட்டும் வெள்ளை இருந்தால் மாரடைப்பை விட்டு, தசை அழற்சி போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

கேள்வி: வெள்ளையே இல்லையென்றால் தழும்பே இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. நார் தசை முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் ஒப்பிட நல்ல தசை இருக்காது. எல்லாமே ஒரே கறுப்பாகிவிடும். அதைப் பிடிக்க ‘டி1 மேப்பிங்’ வேண்டும், அதாவது கறுப்பு வெள்ளையை ஒப்பிடாமல் தசையின் ஒவ்வொரு புள்ளியையும் எண்ணாக அளக்கும் எம்.ஆர்.ஐ. முறை. அன்றைய ரத்தப் பரிசோதனையின் ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) எண்ணும் கையில் இருந்தால், செல்களுக்கு வெளியே உள்ள இடம் எத்தனை சதவீதம் என்றும் கணக்கிடலாம்.