இழந்ததும் பெற்றதும் சமம், ஆனால்...

கேள்வி: கலோரிமீட்டர் (வெப்பத்தை அளக்கும் பாத்திரம்) சோதனையில் சுடுநீர் இழந்த வெப்பமும் குளிர்நீர் பெற்ற வெப்பமும் சமம் என்கிறார்கள். அப்படியென்றால் என்ட்ரோபி (வெப்பம் எவ்வளவு பரவிச் சிதறியிருக்கிறது என்பதன் அளவு) மட்டும் எப்படிக் கூடும்?
– கல்லூரி மாணவி, கரூர்

பதில்: நல்ல கேள்வி. ஆய்வுக்கூடத்தில் செப்புக் கலோரிமீட்டரோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்பதால் எண்களிலேயே சொல்கிறேன். 80 டிகிரியில் 100 கிராம் நீர், 30 டிகிரியில் 100 கிராம் நீர். கலந்தால் கணக்குப்படி 55 டிகிரி. (நிஜத்தில் கொஞ்சம் குறையும், பாத்திரமும் கலக்கியும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். துல்லியமாக 55 என்று எழுதிய நோட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான்.)

கைமாறிய வெப்பம் சுமார் 10,450 ஜூல். அதில் குறையும் இல்லை, கூடுதலும் இல்லை. ஆனால் என்ட்ரோபிக்கு வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் (செல்சியஸ் டிகிரியோடு சுமார் 273 கூட்டியது) வகுக்க வேண்டும். வெப்பநிலை மாறிக்கொண்டே இருப்பதால், துளித்துளியாக வகுத்துக் கூட்ட வேண்டும். அதே வெப்பத்தைச் சிறிய எண்ணால் வகுத்தால் ஈவு பெரிதாகும், அவ்வளவுதான். சுடுநீர் இழந்தது 30.7, குளிர்நீர் பெற்றது 33.1 ஜூல்/கெல்வின். மிச்சம் 2.4, அதுதான் கூடிய என்ட்ரோபி.

சரி, கலந்தது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாத மீளா நிகழ்வாயிற்றே, மீளும் நிகழ்வுக்கான இந்த வகுத்தல் செல்லுமா? செல்லும். என்ட்ரோபி தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் மட்டுமே பொறுத்தது. அதனால் சுடுநீரை மயிரிழை மயிரிழையாகக் குளிர்ந்த பொருள்களோடு வரிசையாகத் தொடவைத்து 55-க்கு இறக்குவதாகக் கற்பனை செய்து கணக்கிடலாம். 1865-இல் இதற்கு என்ட்ரோபி என்று பெயர் வைத்தவர் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ்.